அழும்போது எடுத்த படம்

அந்த இயந்திரத்திடம் ஒரே ஒரு மோசமான எக்ஸ்ரே படம் வாங்குவதற்கு டாக்டர் சுகந்தி காலையிலிருந்து படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. குழந்தை வீறிட்டு அழுது, மூச்சு முழுக்க வெளியே போன நிமிடத்தில் ஒரு படம். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வந்ததோ பாடப்புத்தகத்தில் அச்சடிக்கத் தகுந்த படம். தோள் இரண்டும் சமமாக, மூச்சை நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழந்தை அத்தனை சமர்த்தாக இருந்தது. இரண்டாவது முறையும் அதே சமர்த்துதான்.

"நீங்க சொன்ன நிமிஷத்துலதான் மேடம் அழுத்துனேன்," என்றான் படம் எடுக்கிற யூசுப். "அது அழுதுட்டுத்தான் இருந்துச்சு. உங்க கண்ணு முன்னாலதானே அழுதுச்சு."

"உன்னைச் சொல்லல யூசுப்."

யாரைச் சொல்வது என்றுதான் அவளுக்கும் தெரியவில்லை. மூன்றாவது முறை எடுக்க மனம் வரவில்லை. பதினான்கு மாதக் குழந்தை. இதற்குமேல் கதிர்வீச்சைக் காட்டினால் அதைவிட அக்கிரமம் வேறில்லை.

கரிச்சிப்பாளையம் அரசு மருத்துவமனைக்குச் 'சீர்ப்படம்' வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் கைக்குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுப்பதென்றால் மல்யுத்தம். பெரியவர்களிடம் மூச்சை இழுத்துப் பிடிங்கள் என்று சொல்லலாம். கைக்குழந்தையிடம் என்ன சொல்வது? அது நெளியும், திரும்பும், அழும். மூச்சை விட்ட நேரத்தில் படம் விழுந்துவிட்டால் இதயம் வீங்கினது போலவும் நுரையீரலில் சளி கட்டினது போலவும் தெரியும். தாயத்து ஒரு புள்ளியாக விழும், சடைப்பின்னல் ஒரு நிழலாக விழும். எல்லாக் கைக்குழந்தைக்கும் நெஞ்சுக்குள் இருக்கிற தைமஸ் சுரப்பியைக் கட்டி என்று யாராவது படித்துவிட, பெற்றவர்கள் பாதி உயிராகிக் கோயம்புத்தூருக்கு ஓடுவார்கள். படம் சரியில்லை, இன்னொன்று எடு. அதுவும் சரியில்லை, இன்னொன்று எடு.

சீர்ப்படம் இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒழித்தது. ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை எப்படி நெளிந்தாலும், நேராகப் படுத்து மூச்சை நிறைய இழுத்திருந்தால் அதன் நெஞ்சு எப்படி இருக்குமோ அதைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். வயதைக் கூட்டிப் போட்டு ஏமாற்றவும் முடியாது, எலும்பைப் பார்த்தே அது கைக்குழந்தையைக் கண்டுபிடித்துவிடும். அறிக்கையையும் அதுவே எழுதும். எடுத்த அசல் படத்தை அது வைத்துக்கொள்வதில்லை. இரண்டு படம் இருந்தால் குழப்பம் வரும் என்று அழித்துவிடும். தாய்மார்களுக்குச் சந்தோஷம், டாக்டர்களுக்குச் சந்தோஷம். மாவட்டத்தில் குழந்தைகளின் எக்ஸ்ரே படிக்கத் தெரிந்த ஒரே ஆளான சுகந்திக்கு, கையெழுத்துப் போடுவது மட்டும்தான் வேலை என்று ஆனது. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, நேற்று வரைக்கும்.

நேற்று வராந்தாவில் ஒரு பெண் அவளை வழிமறித்தாள். பெயர் தர்ஷினி. இருபத்து மூன்று வயதிருக்கும், இடுப்பில் குழந்தை.

"நீங்கதானுங்களே படம் பாக்கற டாக்டரு? மூணு தடவை படம் எடுத்தாச்சுங்க. மூணு தடவையும் நல்லா இருக்குதுன்னு சீட்டுக் குடுக்கறீங்க. நல்லா இருந்தா எம்பட புள்ள ஏனுங்க இப்படி இளைக்குது?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது. கெஞ்சல் ஒரு துளியும் இல்லை. அதனாலேயோ என்னவோ சுகந்தி நின்றாள். குழந்தையின் பெயர் இதழினி. விலாவுக்கு நடுவே ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே குழிந்தது. கிட்டத்தில் போனால் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. சுகந்தி பக்கத்து அறையிலிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். அதை அவள் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. இடப்பக்கம் காற்று போய் வந்தது. வலப்பக்கம் கொஞ்சமாகத்தான் கேட்டது.

"இருமல் எப்பம்மா ஆரம்பிச்சுது? அன்னைக்கு ஏதாச்சும் பொறை ஏறுச்சா?"

"ஏறுச்சுங்க. ரெண்டு மாசம் முந்தி. கடலைக்காய் உரிச்சிட்டு இருந்தோம். இது நடுவுல உக்காந்து அள்ளி விளையாடிட்டு இருந்துச்சு. திடீர்னு இருமி, மூஞ்சி நீலமாப் போயிருச்சு. முதுகுல தட்டுனோம், சரியாப் போச்சு. வந்த அன்னைக்கே சொன்னனுங்க. உள்ள இருந்த டாக்டர் தம்பி கம்ப்யூட்டரைப் பாத்தாரு, ஒண்ணுமில்ல, இழுப்புதான்னு மருந்து எழுதிட்டாரு."

எழுதாமல் என்ன செய்வார்? சீர்ப்படம் 'இயல்பு' என்று சொல்லிவிட்டால் தாய் சொல்வதை எழுத அந்தத் திரையில் இடமே கிடையாது.

இப்போது, இரண்டாவது சமர்த்துப் படத்தையும் பார்த்த பிறகு, சுகந்தி தர்ஷினியை உட்கார வைத்து விளக்கினாள்.

"காசு, ஊக்கு முழுங்கியிருந்தா எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியும். கடலை தெரியாதும்மா. ஆனா அது செய்யற வேலை தெரியும். மூச்சை இழுக்கும்போது குழாய் விரியும், காத்து கடலையைத் தாண்டி உள்ள போயிரும். விடும்போது குழாய் சுருங்கும், கடலை அடைச்சுக்கும். போன காத்து வெளிய வராது. அதனால மூச்சை இழுத்த படத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தெரியும். மூச்சை விட்ட படத்துலதான் ஒரு பக்கம் சுருங்கும், கடலை இருக்கிற பக்கம் உப்புனது உப்புன மாதிரியே நிக்கும்."

"அப்ப விட்டப்ப எடுங்க."

"எடுத்தேன். இது அதை இழுத்த படமா மாத்திக் குடுக்குது."

தர்ஷினி கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்தாள். "கேட்டதைக் குடுக்காம அதுவா ஒண்ணு செஞ்சு குடுக்கறதுக்கு எதுக்குங்க இதை வெச்சிருக்கீங்க?" என்றாள். சுகந்தி தொலைபேசியை எடுத்தாள்.

சீர்ப்படத்தைப் பராமரிக்கிறவர்கள் சென்னையில் இருந்தார்கள். நிவேதன் என்ற பொறியாளர் பேசினான். மரியாதையான பையன். அவன் மரியாதையாகப் பேசப்பேச சுகந்திக்கு எரிச்சல் ஏறியது.

"திருத்தத்தை ஒரு படத்துக்கு மட்டும் நிறுத்தி வைங்க தம்பி."

"முடியாது மேடம். அப்படி ஒரு பொத்தானே நாங்க வைக்கல. வைக்க வேண்டாம்னுதான் டாக்டர்ஸ் குழு சொன்னாங்க. இருந்தா ஆளாளுக்கு நிறுத்திடுவாங்கன்னு."

"மூச்சை விட்ட படத்துல ஒரு பக்கம் பெருசா இருந்தா அது நோய். அதைத் திருத்தக் கூடாதுன்னு அதுக்குத் தெரியாதா?"

"அது கத்துக்கிட்டதைத்தான் மேடம் செய்யும்," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "பன்னிரண்டு டாக்டர்ஸ் சேர்ந்துதான் கத்துக் குடுத்தீங்க. உங்க பேரும் இருக்கு," என்றான்.

இருந்தது. எட்டு வருடம் முன்பு, சென்னையில் ஒரு மாதம். ஒரே குழந்தைக்கு எடுத்த படங்களை ஜோடி ஜோடியாகக் காட்டுவார்கள். எது பயன்படும், எது பயன்படாது என்று குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி. அதைப் பெருமையாக நினைத்திருந்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு மற்ற வழிகளைப் பார்த்தாள். கோயம்புத்தூர் வரைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இதே சீர்ப்படம்தான். சி.டி. ஸ்கேன் எடுக்கலாம் என்றால், எக்ஸ்ரே இயல்பாக இருக்கும்போது குழந்தைக்கு சி.டி. கிடையாது என்று சீர்ப்படமே மறுத்தது. நெஞ்சு அசைவதை நேராகப் பார்க்கிற பழைய திரையை இடம் அடைக்கிறது என்று கழித்துக் கட்டி நான்கு வருடம் ஆகிறது. மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கிற டாக்டர் ஜெபராஜிடம் போனாள். அவர் குழந்தையைப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க சொல்றது எனக்கும் படுது சுகந்தி. ஆனா ஒன்பது கிலோ குழந்தை. மயக்கம் குடுத்து மூச்சுக்குழாயில இரும்பை விடறோம். உள்ள ஒண்ணும் இல்லாம, குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? இன்னைக்கு எடுத்ததோட சேர்த்து அஞ்சு 'இயல்பு' அறிக்கை இருக்கு. என்னை மட்டும் இல்ல, உங்களையும் உரிச்சிருவாங்க."

"உள்ள இருந்து நாம எடுக்கலைன்னா?"

"அந்தப் பக்கம் அழுகும். தெரியாமலா பேசறேன்? ஒரே ஒரு படம் காட்டுங்க. எந்தப் படமா இருந்தாலும் சரி. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு அவசரம்னு தியேட்டரைத் திறந்துடலாம்."

மதியத்துக்குள் இதழினிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டது. சுகந்தி எக்ஸ்ரே அறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடப் படிப்பு தலைக்குள் இருந்தது, நோய் என்னவென்று தெரிந்தது, அதைக் காட்ட ஒரு படம் இல்லை. அவளுக்கு அந்தப் பெட்டியை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. உதைத்திருந்தாலும் அது உதைபட்ட தடமே இல்லாமல் ஒரு படம் கொடுத்திருக்கும்.

யூசுப் தொண்டையைக் கனைத்தான். "மேடம், நான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் படம் எடுக்கப் போவேன். தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்கென்ன இப்ப?"

"அங்க சீர்ப்படம் கிடையாது. மாட்டுக்கு யாரு அதெல்லாம் போடுவாங்க? எடுத்தது எடுத்தபடி வரும்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டு நொடி கழிந்தது. பிறகு கைப்பையை எடுத்தாள்.

கால்நடை மருத்துவமனை சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் லோகேஸ்வரன் விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம், இங்க குழந்தைக்கு எடுத்தா என் வேலை போயிரும்."

"என் வேலையும்தான்," என்றாள் சுகந்தி. "அளவெல்லாம் யூசுப் குழந்தைக்குத் தகுந்த மாதிரி குறைச்சு வைப்பான். ரெண்டே படம். நீங்க வெளிய டீ குடிக்கப் போனா நல்லது."

அவர் டீ குடிக்கப் போகவில்லை. குழந்தையின் விலாவைப் பார்த்தார். கன்றுக்குட்டி மூச்சு வாங்கினால் எப்படிக் குழியும் என்று அவருக்குத் தெரியும். மேசையைத் துடைத்து, அதன்மேல் சுத்தமான துணி விரித்தார்.

கணினியில்தான் சிக்கல் வந்தது. என்ன இனம் என்று சொல்லாமல் அது திறக்காது. மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, நாய், பூனை, கோழி. லோகேஸ்வரன் சங்கடத்தோடு தர்ஷினியைப் பார்த்தார்.

"வெள்ளாட்டுக்குட்டின்னு போடறேம்மா. எடை ஒத்து வரும். தப்பா நினைச்சுக்காத."

"ஆடுன்னே இருக்கட்டுங்க," என்றாள் தர்ஷினி. "ஆட்டுக்காச்சும் உள்ளதை உள்ளபடி காட்டுதே."

வெள்ளாட்டுக்குட்டி, பெண், பதினான்கு மாதம், ஒன்பது கிலோ, உரிமையாளர் தர்ஷினி என்று சீட்டு வந்தது. அவள் அதை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

இழுத்த படம் முதலில் எடுத்தார்கள். அது எளிதாக முடிந்தது. விட்ட படத்துக்குக் குழந்தை நன்றாக அழ வேண்டும், அழுகையின் கடைசியில், அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன் அழுத்த வேண்டும். கனமான ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு தர்ஷினி மகளின் கைகளைப் பிடித்தாள். இதழினி அழத் தொடங்கியதுமே அவள் வாய் தன்னால் "ஓ ஓ, இல்ல சாமி, இல்ல தங்கம்" என்று ஆரம்பித்துவிட்டது. குழந்தை தேம்பி அடங்கியது.

"சமாதானப்படுத்தாதம்மா. அழட்டும்," என்றாள் சுகந்தி.

"முடியலைங்க டாக்டர். தானா வருது."

"அப்ப வாயை இறுக்கி மூடிக்கோ. இன்னைக்கு ஒரு நாள் அழ விடு."

தர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா பேசவில்லை என்றதும் குழந்தைக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து எடுத்து வீறிட்டது. குரல் தேய்ந்து தேய்ந்து நின்ற இடத்தில் சுகந்தி கையை இறக்கினாள். யூசுப் அழுத்தினான்.

படம் கோணலாக விழுந்திருந்தது. தலை ஒருபக்கம் சாய்ந்து, தாயின் விரல் எலும்பு ஓரத்தில் தெரிந்து, பார்க்கவே அலங்கோலம். சுகந்தி பல வருடம் கழித்து ஒரு நிஜப் படத்தைப் பார்த்தாள். இடப்பக்க நுரையீரல் சுருங்கி வெளுத்திருந்தது. வலப்பக்கம் கறுப்பாக, காற்று வெளியேறாமல் அப்படியே விம்மி நின்றது. இதயத்தை அது இடது பக்கமாக நெட்டித் தள்ளியிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜெபராஜ் படத்தைத் தூக்கிப் பார்த்தார். மேல் மூலையில் 'வெள்ளாடு' என்று இருந்ததையும் பார்த்தார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நான்கு மணிக்கு இதழினியை உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜெபராஜ் ஒரு சின்னச் சீசாவோடு வெளியே வந்தார். பாதிக் கடலை. ஊறி, உப்பி, பழுப்பேறிப் போயிருந்தது. பின்னால் சீழ் கட்ட ஆரம்பித்திருந்தது, உறிஞ்சி எடுத்தாயிற்று என்றார். தர்ஷினி சீசாவைக் கையில் வாங்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான்காம் நாள் குழந்தை இட்லி தின்றது, ஆறாம் நாள் வீட்டுக்குப் போனது.

இருபதாம் நாள் சுகந்திக்கு விசாரணை.

மருத்துவமனைக் கூட்ட அறையில் இணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து நிவேதனும் மடிக்கணினியோடு வந்திருந்தான். குழந்தையை விலங்கு என்று பதிந்தது, அனுமதியில்லாத இடத்தில் படம் எடுத்தது, தேவையில்லாத சிகிச்சைக்குத் தூண்டியது என்று மூன்று குற்றச்சாட்டு. முதல் இரண்டையும் சுகந்தி அங்கேயே ஒப்புக்கொண்டாள்.

"மூணாவதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் இணை இயக்குநர். திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "இது சிகிச்சைக்கு முன்னால. இது பின்னால. ரெண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லையே டாக்டர். அப்ப அந்தச் சிகிச்சையால என்ன மாறுச்சு?"

"ரெண்டும் உங்க இயந்திரம் வரைஞ்ச படம் சார். முன்னாலயும் பின்னாலயும் அது ஒரே குழந்தையைத்தான் வரையும். கால்நடை ஆஸ்பத்திரிப் படத்தைப் பாருங்க."

"பதிவுல ஏத்தின படம்தான் செல்லும் டாக்டர். அதையும் ஏத்திப் பார்த்தோம். இதோ." மூன்றாவது படம் வந்தது. கோணல் இல்லை, தாயின் விரல் இல்லை, வெள்ளாடு இல்லை. சமர்த்தான குழந்தை.

சுகந்தி சீசாவை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். "இது எந்தப் படத்துலயும் இல்லையே," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே குழம்பிப் போய்த்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நிவேதன் குறுக்கிட்டான். "சார், இயந்திரம் தப்பாக் கத்துக்கலன்னு காட்டறதுக்குப் பழைய ஜோடிகளைக் கொண்டுவந்திருக்கேன். திருத்தாத அசல் படம்னு எங்ககிட்ட இன்னைக்கு மிச்சம் இருக்கறது இது மட்டும்தான். மேடம் குறிச்சதை மட்டும் பிரிச்சு வெச்சிருக்கேன். ஒரு பக்கம் பெருசாத் தெரியற படங்களை அவங்களே என்ன குறிச்சிருக்காங்கன்னு பார்த்துடலாம்."

"காட்டுங்க," என்றாள் சுகந்தி. தான் சரியாகத்தான் செய்திருப்போம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அழுகிற குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். மூச்சு விட்ட நிலை, பயன்படாது. திரும்பியிருக்கிறது, பயன்படாது. ஒவ்வொன்றின் கீழும் அவள் பெயரின் முதலெழுத்துகள், எடுத்துக்கொண்ட நேரம். நான்கு நொடி. மூன்று நொடி. ஐந்து நொடி. எல்லாம் சரியாகவே இருந்தன. அவள் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

நானூற்றுப் பதினேழாவது ஜோடியில் நிமிர்ந்தாள்.

"நிறுத்துங்க."

இழுத்த படம் அழகாக இருந்தது. அதன் கீழே 'பயன்படும், இயல்பு' என்று குறித்திருந்தாள். விட்ட படம் கோணலாக இருந்தது. இடப்பக்கம் சுருங்கி வெளுத்திருந்தது. வலப்பக்கம் கறுப்பாக விம்மி நின்றது. இதயம் இடது பக்கமாகத் தள்ளியிருந்தது. கீழே 'அழுகை. பயன்படாது.' அவளுடைய முதலெழுத்துகள். மூன்று நொடி.

அவள் அந்தப் படத்தை நினைவுபடுத்திப் பார்த்தாள். வரவில்லை. டீ வந்த நேரமாக இருந்திருக்கலாம். அறுநூறை முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்ற அவசரத்தில் இருந்திருக்கலாம். இயந்திரம் அவள் சொன்னதை நம்பியது, அவ்வளவுதான்.

வயது பதினொரு மாதம் என்று போட்டிருந்தது. எட்டு வருடம் ஓடிவிட்டது. இருந்தால் ஒன்பது வயது நடக்கும்.

"உங்க விளக்கம் என்ன டாக்டர்?" என்றார் இணை இயக்குநர்.

அவள் நிவேதனின் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் குழந்தை யாரு தம்பி? பேரு, ஊரு?"

நிவேதன் தேடிப் பார்த்தான். "இல்ல மேடம். எல்லாத்தையும் எடுத்துட்டோம். நம்பர் மட்டும்தான் இருக்கு. குழந்தைங்க அடையாளம் வெளிய போகக் கூடாதுன்னு டாக்டர்ஸ் எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவள் நம்பாமல் கேட்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, அந்தக் கடிதத்தையும் திறந்து காட்டினான். பன்னிரண்டு கையெழுத்துகளில் அவளுடையது மூன்றாவதாக, நிதானமாக, அழகாக இருந்தது.